வெஸ்லி கோவாரிக்கின் சீட்டி

நான் நேரத்தைத் தாண்டினால் தட்டுவதற்கென்றே கரண்டியும் கண்ணாடிக் குவளையுமாகக் காத்திருக்கும், கல்லூரி பேஸ்பால் நாரை அணிப் பெற்றோர் மன்றத் தலைவி மார்லா ஹூபர் அவர்களே! பேசி வளர்த்ததைவிட முறைத்து வளர்த்த பிள்ளைகளே அதிகம் என்னும் பெருமைக்குரிய பயிற்சியாளர் பெக்மன் அவர்களே! கண்ணீரைக் காரிலேயே துடைத்துவிட்டு, கண்மை கலைந்தது தெரியாமல் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! கலங்கவே இல்லை என்று காட்டுவதற்காகத் தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டிருக்கும் தந்தைமார்களே! நேற்றுவரை ஊருக்கே நாயகர்களாக இருந்து, இன்று காலையிலிருந்து பந்து வாளி தூக்கப் பழகிக்கொண்டிருக்கும் முதலாமாண்டுச் செல்வங்களே! முன்வரிசை ஓரத்தில் அமர்ந்து, "சுருக்கமா முடி" என்று கண்ணாலேயே என்னை அதட்டிக்கொண்டிருக்கும் என் கணவர் வெஸ்லி கோவாரிக் அவர்களே! உங்கள் அனைவருக்கும் ரோண்டா கோவாரிக்கின் நெஞ்சு நிறைந்த வணக்கம்.

புதிய பெற்றோருக்கு நம்பிக்கையூட்டும் நாலு வார்த்தை பேசு என்று மார்லா என்னை அழைத்தார். நம்பிக்கைக்கு ஆள் தேடுபவர் என் வீட்டுக் கதவை ஏன் தட்டினாரோ, எனக்குத் தெரியவில்லை. சென்ற கல்வியாண்டில் எங்கள் குடும்பத்துக்கு என்ன நேர்ந்தது என்பது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தவர்கள் ஏற்கெனவே தட்டில் இருக்கும் கோழியைக் குனிந்து பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சென்ற ஆகஸ்டில் இதே கூடத்தில், இதே ஆடும் நாற்காலிகளில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். எப்படி வந்தோம் தெரியுமா? ராஜாவைப் பெற்றவர்களாக வந்தோம்! எங்கள் ஊர்ப் பள்ளி ஆட்டத்தில் சோளப்பொரி விற்றவள் நான். புள்ளிப் பலகையை இயக்கியவள் நான். அணியின் அத்தனை கால்சட்டைகளிலும் படிந்த செம்மண் கறையைத் தேய்த்துத் தேய்த்து வெளுத்தவள் நான். களத்துப் புல்லை வெட்டியவர் வெஸ்லி. நாங்கள் இல்லாமல் ஆட்டம் உண்டா? நாங்கள் இல்லாமல் அணி உண்டா? அப்படித்தான் நினைத்திருந்தோம். இங்கே வந்து, "துணியெல்லாம் யார்கிட்ட வாங்கிக்கணும்?" என்று கேட்டேன். "கல்லூரியே துவைச்சிடும், மேடம்" என்றான் ஒரு பையன். அன்று வீட்டுக்குப் போய், துவைக்க ஒன்றுமில்லாத இயந்திரத்தின் முன்னால் நின்று அழுதேன். சிரிக்காதீர்கள், அந்த மூன்றாம் மேசை அம்மா! அக்டோபரில் உங்களுக்கும் அது வரும்.

அன்று பயிற்சியாளர் பெக்மன் எங்களுக்கு ஒரே ஒரு விதி சொன்னார். "ஆட்டம் நடக்கறப்ப உங்க குரல் உங்க புள்ள காதுல விழக் கூடாது. இனிமே அவனுக்குச் சொல்லிக்கொடுக்கறது நான். நீங்க இல்ல." எல்லோரும் தலையாட்டினோம். எல்லோரையும்விட அதிகமாகத் தலையாட்டியவர் வெஸ்லி. அவருக்கு அது எளிதான விதி. ஏனென்றால் அவர் பேசுகிற மனிதரே இல்லை. திருமணத்துக்குக் கேட்டபோதுகூட, "என்ன சொல்ற?" என்று இரண்டே சொல்தான் கேட்டார். நான்தான் மீதியைப் பேசி முடித்தேன்.

ஆனால், அவையோரே, அவருக்கு ஒரு சீட்டி உண்டு.

இடது கையின் இரண்டு விரலை உதட்டில் வைத்து ஒரே இழுப்பாக இழுப்பார். நம் காற்றைத்தான் உங்களுக்குத் தெரியுமே, நெப்ராஸ்காக் காற்றில் பேச்சு பாதி வழியிலேயே தொலைந்துபோகும்; அந்தச் சீட்டி தொலையாது. நாயைக் கூப்பிட அதுதான், சோளக்காட்டின் அந்தக் கோடியிலிருந்து என்னைக் கூப்பிட அதுதான். எங்கள் மகன் ட்ரெவர் முதன்முதலாக மட்டை பிடித்த நாளில், பயத்தில் மூச்சுவிட மறந்து, எட்டாத பந்துக்கெல்லாம் மட்டையை வீசி அழுதான். கேலரியிலிருந்து சீட்டி கேட்டது. பையன் திரும்பினான். அப்பா நெஞ்சை நிமிர்த்தி ஒரு மூச்சு விட்டுக் காட்டினார். பையனும் விட்டான். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ட்ரெவர் மட்டையோடு வந்து, அடிக்க நிற்கும் கட்டத்தின் கோட்டுக்கு வெளியே ஒரு நொடி நிற்பான். சீட்டி வரும். மூச்சு விடுவான். உள்ளே போவான். பேசாத அப்பாவுக்கும் பேசாத பிள்ளைக்கும் நடுவில் இருந்த மொத்தப் பேச்சும் அந்த ஒரு சீட்டிதான்.

மார்ச் வந்தது. பிளாட் ஆற்றில் நாரைகள் இறங்கிய வாரம், நம் களத்தில் ஆண்டின் முதல் ஆட்டம். முதலாமாண்டுப் பையன் ட்ரெவர் ஆடும் பட்டியலில் இருந்தான்! எனக்குத் தரையில் கால் பாவவில்லை. கேட்சருக்கு நேர் பின்னால், முதல் வரிசையில் உட்கார்ந்தோம். ட்ரெவர் வந்தான். கோட்டுக்கு வெளியே நின்றான். வெஸ்லியின் விரல் உதட்டுக்குப் போனது.

"வெஸ், கோச் சொன்னது மறந்துடுச்சா?" என்றேன்.

"நான் எங்கடி பேசினேன்?" என்றார்.

அந்த மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பேச்சு வேறு, சீட்டி வேறு என்று உண்மையாகவே நம்பினார். சீட்டி பறந்தது. ட்ரெவரின் மட்டையில் பந்து வெடித்தது. இரண்டாம் முறை வந்தான். மறுபடி சீட்டி, மறுபடி வெடி! இரண்டாவது பேஸில் நின்று என் பிள்ளை கால்சட்டையில் மண்ணைத் தட்டியபோது, உலகத்தில் எங்களுக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

இது எங்கே போகிறது என்று பழைய பெற்றோருக்கு இப்போதே தெரிந்திருக்கும். புதியவர்களுக்கு விளக்கிவிடுகிறேன். மட்டைக்காரனின் முதுகுக்குப் பின்னால், எதிரணியின் பந்து பிடிப்பவன், கேட்சர், குந்தியிருக்கிறான். பந்து எந்தப் பக்கம் வரவேண்டும் என்று அவன் கையுறையை நகர்த்திக் காட்டுவான். மட்டைக்காரனுக்கு அது தெரியாது. பின்னால் கேலரியில் இருப்பவனுக்கு அப்பட்டமாகத் தெரியும். அங்கிருந்து ஒருவன் சீட்டியடித்தால், பெரியவர்கள் ஆடும் ஆட்டத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். திருடுகிறான்! பந்து வரும் பக்கத்தைத் தன் ஆளுக்குக் காட்டிக்கொடுக்கிறான்! பத்து வயதுப் பையன்கள் ஆட்டத்தில் அப்பாவின் சீட்டி அப்பாவின் சீட்டிதான். கல்லூரி ஆட்டத்தில் அது களவு. இந்தக் களவுக்கு நடுவர் தண்டனை தருவதில்லை. எதிரணி எறியும் பந்துதான் தரும். செய்தவனுக்கும் தராது, அடுத்து வருபவனுக்குத் தரும்.

அடுத்து மட்டை பிடிக்க வந்தவன் கிரேடி. கடைசி ஆண்டு மாணவன், அணித் தலைவன். வந்த முதல் வாரம் என் பிள்ளை வீட்டு ஏக்கத்தில் சாப்பிடாமல் கிடந்தபோது, தன் காரில் ஏற்றிக் கொண்டுபோய்ச் சாப்பிட வைத்தவன். பழிக்குப் பழியாக அவன்மேல் பந்தை எறிந்தார்கள். இடுப்புக்கு எறிந்ததாகவே இருக்கட்டும். அவன் திரும்பினான், மட்டையைப் பிடித்த கையில் விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. கிரேடி மண்டியிட்டு உட்கார்ந்து, தன் கையையே அது யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு அணியும் களத்தில் பாய்ந்தன. எதிரணிப் பயிற்சியாளர் கேலரியை நோக்கி விரல் நீட்டிக் கத்தினார். "அந்தப் பச்சைத் தொப்பிக்காரன்! ரெண்டு தடவையும் சீட்டி அடிச்சது அந்த ஆள்தான்!"

கேலரியே திரும்பியது. வெஸ்லியும் திரும்பினார். தமக்குப் பின்னால் இருக்கும் பச்சைத் தொப்பிக்காரர் யார் என்று தேடினார். பின்னால் யாருமில்லை. தொப்பியைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்த்தார். அந்த முகத்தை நான் என்னவென்று சொல்வேன்? எப்படிச் சொல்வேன்?

கிரேடியின் கையில் மூன்று எலும்பு முறிந்தது. கடைசி ஆண்டு, இனி ஒரு ஆட்டம் இல்லை. நான்கு வருடம் அந்தக் கேலரியில் குளிரில் நடுங்கி உட்கார்ந்திருந்த அவன் அம்மா ஜோலீன் என்னைத் தாண்டிப் போனாள். திட்டியிருந்தால் தேவலை.

மாலையில் ட்ரெவர் எங்கள் பிக்கப் வண்டியருகே வந்தான். அப்பாவின் பூட்ஸையே பார்த்துக்கொண்டு பேசினான்.

"அப்பா, இனிமே சீட்டி அடிக்காதீங்க."

"சரிடா."

"கோச் சொல்லச் சொன்னாரு. எனக்கும்... பசங்க முகத்துல முழிக்க முடியலப்பா."

"சரிடா. வாக்குக் கொடுத்துட்டேன். போய்ச் சாப்பிடு."

மகன் கேட்டது தவறா? தவறில்லை. தந்தை ஒப்புக்கொண்டது தவறா? அதுவும் இல்லை. தவறு அடுத்த வாரம் நடந்தது.

அடுத்த ஆட்டத்தில் வெஸ்லி கேலரிக்கு வரவில்லை. இடது வேலிக்கு அப்பால், சரளைக்கல் பாதையில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டு உள்ளேயே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள வா வெஸ். வாயை மூடிட்டு என் பக்கத்துல உட்காரு, போதும்."

"பழக்கம், ரோண்டா. அவன் வந்து நின்னா விரல் தானா போகுது. இங்கேன்னா வெளிய கேக்காது."

"இங்கேர்ந்து என்ன தெரியும்? அவன் தீக்குச்சி மாதிரில்ல தெரியறான்."

"அந்தத் தீக்குச்சி போதும் எனக்கு."

நான் கேலரிக்குப் போனேன். என்னைச் சுற்றி நாலு இருக்கை காலி. பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. பையன் நிமிர்ந்தால் ஒரு முகமாவது தெரியட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். ட்ரெவர் வருவான், கோட்டுக்கு வெளியே நிற்பான், எதையோ எதிர்பார்ப்பான், எதுவும் வராது, உள்ளே போவான். அந்த மாதம் அவன் மட்டையில் பந்து பட்டதே அபூர்வம். இப்படியே ஏப்ரல் ஓடியது. மகன் களத்தில் ஊமை, தந்தை வண்டியில் ஊமை, நடுவில் நான்!

ஏப்ரல் கடைசியில் ஒரு ஞாயிறு. ஆட்டம் முடிந்து சரளைப் பாதைக்கு நடந்தேன். வண்டியின் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது. எப்போதும் ஏற்றியே இருக்கும் கண்ணாடி. "என்ன வெஸ், வெயிலா?" என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் என்னைப் பார்த்தார். பாதி முகம் பார்த்தது; பாதி முகம் கீழே சரிந்து கிடந்தது. கொறித்துக்கொண்டிருந்த சூரியகாந்தி விதைகள் வாயின் வலது ஓரத்தில் ஒழுகி, சட்டையெல்லாம் ஈரம்.

மூளையில் ரத்தம் அடைத்துவிட்டது. மருத்துவர் நல்லவர், மென்மையாகத்தான் கேட்டார்: "பக்கத்துல யாரும் இல்லையாம்மா? கொஞ்சம் முன்னாடியே கொண்டுவந்திருந்தா..." என்று நிறுத்தினார். பக்கத்தில் யாரும் இல்லையா! கணவரோடு ஒரே தட்டில் சாப்பிடுகிறவள் நான். அவர் என் பக்கத்து இருக்கையில் இருந்திருந்தால், முதல் விதை சட்டையில் விழும்போதே எனக்குத் தெரிந்திருக்காதா?

நாக்கு கொஞ்சம் திரும்பிய ஒரு நாளில் கேட்டேன், ஏன் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது என்று. ட்ரெவரும் அறையில் இருந்தான். குழறிக் குழறிச் சொன்னார்.

"முதல்ல வலது கைதான் மரத்துச்சு. வாய் நல்லா இருந்துச்சு. சீட்டி அடிச்சா நீ வந்துடுவேன்னு கண்ணாடிய இறக்கினேன். அதுக்குள்ள இவன் மட்டையோட வந்துட்டான். சரி, முடியட்டும்னு இருந்தேன்."

"ஹாரனையாவது அடிச்சிருக்கலாமே, பாவி மனுஷா!"

"அதுக்கும் இவன் திரும்பிப் பார்ப்பானே."

அவன் ஆடி முடித்தான். அதற்குள் உதடு அவருடையதாக இல்லை.

ட்ரெவர் எழுந்து வெளியே போனான். நெடுநேரம் கழித்து, ஆட்டப் பையோடு வந்து அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினான். "இனிமே நான் ஆடல. போதும்" என்றான். வெஸ்லி நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். "நான் உன் ஆட்டத்தைப் பார்க்க வந்தவன்டா. நிறுத்த வந்தவன் இல்ல" என்றார். பிள்ளை பையை எடுக்கவில்லை.

மறுவாரம் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் பயிற்சியாளர் பெக்மன். மற்றவன் கட்டுப்போட்ட கையோடு கிரேடி.

"கோவாரிக் சார், கடைசி வருஷப் பசங்களை வழியனுப்பற ஆட்டம் வருது. நீங்க வந்தே ஆகணும்" என்றான் கிரேடி.

"உன் கை..." என்றார் வெஸ்லி.

"சேந்துடுச்சு சார். முதல் நாள்லேர்ந்தே எனக்குத் தெரியும், உங்களுக்கு விஷயம் தெரியாதுன்னு. எங்கப்பா இருந்திருந்தா மேளமே அடிச்சிருப்பாரு."

பயிற்சியாளர் தொண்டையைச் செருமினார். "எதிரணிக் கோச்கிட்ட நானே முன்னாடி சொல்லிடறேன். நீங்க கேலரியில உக்காருங்க. சீட்டி அடிங்க. எவன் கேக்கறான்னு பாக்கறேன்."

அனுமதி வந்துவிட்டது, அவையோரே! அவர் கேட்காத அனுமதி, கேட்கத் துணியாத அனுமதி, கட்டிலைத் தேடி வந்துவிட்டது. ஆனால் எந்த உதட்டுக்கு? நான் தூங்குவதாக நினைத்து அவர் விரலை வாயில் வைத்து முயன்று பார்த்ததை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன்.

கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்தவன் கிரேடிதான். முறிந்த கையால் இழுக்கப்போனான். "விடுண்ணா, நானே எடுக்கறேன்" என்றான் ட்ரெவர்.

அந்த நாள் வந்தது. சக்கர நாற்காலியை முதல் வரிசையில் நிறுத்தினேன். என் பக்கத்து இருக்கைகள் வழக்கம்போலக் காலி. கிரேடியோடு களத்தில் நடந்து பூச்செண்டு வாங்கிய ஜோலீன், படியேறி வந்து என் முன்னால் நின்றாள். "தள்ளி உக்காரேன் ரோண்டா. இந்தப் பூவை எங்க வைக்கறது?" என்றாள். தள்ளி உட்கார்ந்தேன். அதற்குமேல் நாங்கள் அதைப்பற்றி இன்றுவரை பேசியதில்லை.

ட்ரெவர் மட்டையோடு வந்தான். கோட்டுக்கு வெளியே நின்றான். கேலரி அடங்கியது. எதிரணி வீரர்கள் உட்காரும் கொட்டகையும் அடங்கியது, அவர்களுக்கும் தெரியும். பந்தெறிய இருந்த பையன் பந்தைக் கையுறைக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தான். வெஸ்லியின் இடது கை எழுந்தது. இரண்டு விரல் உதட்டுக்குப் போனது. இழுத்தார்.

காற்று வந்தது. வெறும் காற்று. பக்கத்திலிருந்த எனக்கே பாதிதான் கேட்டது.

ட்ரெவர் தலையசைத்தான். ஒரு மூச்சு விட்டான். உள்ளே போனான்.

என்ன கேட்கிறீர்கள், ஐயா? உரக்கக் கேளுங்கள். அடித்தானா என்றா? இல்லை! மூன்றே பந்தில் வெளியேறினான். வரும் வழியில் கேலரியைப் பார்த்து இன்னொரு முறை தலையசைத்தான். அழுதுகொண்டே வந்தான், அழுததை மறைக்கவில்லை.

புதிதாக வந்த பெற்றோரே! உங்களைக் கைகூப்பிக் கேட்கிறேன். பயிற்சியாளர் இன்று அதே விதியைச் சொன்னார், கேட்டீர்கள். சரியான விதி. வாயை மூடுங்கள்! சொல்லிக்கொடுத்த காலம் முடிந்தது, துவைத்துக்கொடுத்த காலம் முடிந்தது, வாயை மூடுங்கள்! ஆனால் இடத்தை விடாதீர்கள். குரலை விடச் சொன்னால் இருக்கையையும் விட்டுவிட்டார் என் கணவர். இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டார். தோற்றாலும் இருங்கள், உங்களால் தோற்றாலும் இருங்கள். கேலரி முழுவதும் உங்களை விட்டு விலகி உட்கார்ந்தாலும் உங்கள் இருக்கையில் இருங்கள். அப்படி யாராவது வேலிக்கு வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தால், மற்றவர்களே, போய்க் கண்ணாடியைத் தட்டுங்கள்! அன்று ஒருவர், ஒரே ஒருவர் தட்டியிருக்கக் கூடாதா?

பிள்ளைகளே! உங்கள் பெற்றோர் உங்களைத் தலைகுனிய வைப்பார்கள். கட்டாயம் வைப்பார்கள். "சத்தம் போடாதீங்க" என்று தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "ஆனா வந்து உக்காருங்க" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தப் பாதியைச் சொல்ல என் பிள்ளைக்குத் தோன்றவில்லை. அவனுக்குப் பதினெட்டு வயது. அவனை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லக் கூடாது.

மார்லா கரண்டியை எடுத்துவிட்டார். முடித்துக்கொள்கிறேன். பேச இடம் தந்த மன்றத்துக்கும், கோழி ஆறுவதைப் பொறுத்துக்கொண்ட உங்களுக்கும், எங்கள் பக்கத்தில் பூச்செண்டோடு உட்கார்ந்த ஜோலீனுக்கும் என் நன்றி.

நான் இறங்கும்போது நீங்கள் கைதட்டுவீர்கள், தட்டுங்கள். ஆனால் முன்வரிசை ஓரத்தையும் ஒரு கண் பாருங்கள். அவர் இரண்டு விரலை உதட்டுக்குக் கொண்டுபோவார். உங்களுக்கு ஒன்றும் கேட்காது. நான் தலையசைத்துவிட்டு இறங்குவேன்.

வணக்கம்.